ஹந்தானைச் சரிவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

கண்டியில் வீட்டோடு ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொள்ள விரும்பும் அன்பர்கள், எந்த மைக்கை வாங்கலாம், எந்த மென்பொருள் உயர்ந்தது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக் கூரை ஓடா, தகரமா என்று நான் திருப்பிக் கேட்கும்போது, பேச்சை மாற்றுகிறேன் என்று எண்ணிச் சற்றே மனத்தாங்கல் கொள்கிறார்கள். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழையைப் பெறுவதும், ஐப்பசி கார்த்திகைப் பிற்பகல்களில் அதை இடியோடும் மின்னலோடும் கொட்டித் தீர்ப்பதுமான இவ்வூரில், தகரத்தின் கீழ் அமர்ந்து ஒரு தாலாட்டைப் பதிவுசெய்ய முயன்ற எவரும் அக்கேள்வியின் நியாயத்தை உடனே அறிந்துகொள்வார். லினக்ஸைப் பற்றி எழுத எனக்கும் ஆசை மிகுதி. இப்பதிவின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும். ஆயினும் எவ்வளவு நுட்பமான மென்பொருளும் தகரத்தின் மேல் விழும் மழையைப் பாட்டிலிருந்து பிரித்தெடுத்துத் தராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் வீடு ஹந்தானை மலைச் சரிவில், பழைய தோட்டத்துச் சாலையை ஒட்டி இருக்கிறது. முன்பகுதிக்குத் தகரம், பின்னால், முன்னொரு காலத்தில் சாமான் அறையாக இருந்த சிற்றறைக்கு மட்டும் கொங்கிறீட் தட்டு. கூடம் அங்கேதான் அமைய வேண்டும் என்பதைக் கூரையே தீர்மானித்துவிட்டது. பகலெல்லாம் கணக்கெழுதிப் பிழைக்கும் ஒருவனுக்கு இந்த வீண் சிரமம் ஏன் என்று உறவினர் கேட்டதுண்டு. சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடிப் பதிவதற்காகவோ, இளைஞர் சிலருக்கு மெட்டமைத்துக் கொடுப்பதற்காகவோ நான் இதில் இறங்கவில்லை. கலஹா, ஹேவாஹெட்ட, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் முதியவர்களின் தொண்டையில் மட்டும் எஞ்சியிருக்கும் பாட்டுகளை, அவர்கள் பாடும் விதத்திலேயே பிடித்து வைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

மலையகத்து மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தவருள் தலையாயவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் பிறந்து 1984இல் மறைந்த அப்பெருந்தகை, கொழுந்துக் கூடைக்காரியின் வாயிலிருந்து சொற்களைக் கேட்டெழுதி அச்சேற்றி வைத்திராவிட்டால், அவற்றுள் பல இன்று நம் கைக்கு எட்டியிரா. ஆனால் ஏட்டில் நிற்பது சொல்லே. எந்த அடியை எங்கே இழுத்தாள், எங்கே மூச்சு விட்டாள், தப்பு மேளத்தின் அடி எந்த இடத்தில் தடம் மாறியது என்பதையெல்லாம் ஏடு சொல்வதில்லை. பண்டை இசையின் அலகுகளைக் கணக்கிட்டு மீட்க ‘யாழ்நூல்’ என்னும் பெருநூலை 1947இல் வெளியிட்ட விபுலாநந்த அடிகள் பட்ட பிரயாசையை நினைத்துப் பார்த்தால், ஒலியாகப் பதியப்படாத இசையை எழுத்திலிருந்து உயிர்ப்பிப்பது எத்தகைய தவம் என்பது விளங்கும். அத்தகைய தவத்துக்கு நாளைக்கு ஒருவர் பிறப்பார் என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட, இன்றைக்கு ஒரு மைக்கை நீட்டுவது எளிது. முன்னாளில் அதற்கும் கொழும்புக்கே செல்ல வேண்டியிருந்தது. 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கியதும், 1949இல் அது ‘ரேடியோ சிலோன்’ என்று பெயர் பெற்றதும், இந்தியாவெங்கும் அதன் புகழ் பரவியதும் நாமறிந்த சரித்திரமே. எனினும் தோட்டத்துப் பாட்டுக்காரி ஒருத்தி ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, இழந்து, நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் பிரயாணம் செய்து, அந்த வானொலிக் கூடத்தின் வாசலில் நிற்பது எளிதில் நடக்கக்கூடிய காரியமாக இருந்திருக்குமா?

லினக்ஸை நான் தேர்ந்தது கொள்கைப் பற்றினால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் முதற் காரணம் பணம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியபோது, மாதந்தோறும் டொலரில் சந்தா கேட்கும் மென்பொருள்கள் யாவும் ஒரே வீச்சில் நம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. கணினியோ, பழையது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தபின், அதற்கடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அதற்கில்லை என்று தள்ளிவிடப்பட்ட இனத்தைச் சேர்ந்தது. லினக்ஸ் அதைத் தள்ளவில்லை. இந்த மலைக்கும் லினக்ஸுக்கும் முன்னமே ஓர் உறவு உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: ஃபெடோரா என்னும் லினக்ஸ் விநியோகத்தை அடியாகக் கொண்டு, தனிஷ்க நவின் முதலியோர் இலங்கையிலேயே ஆக்கி வெளியிட்ட விநியோகத்துக்கு ‘ஹந்தான லினக்ஸ்’ என்றே பெயர். ஹந்தானையின் சரிவில் அமர்ந்து அதன் தாய் விநியோகமாகிய ஃபெடோராவில் வேலை செய்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருப்பதை மறைப்பானேன்?

லினக்ஸில் ஒலி என்றால் ஒரு காலத்தில் அனுபவஸ்தரும் தலையில் கை வைத்துக்கொள்வர். 1998இல் யாரோஸ்லாவ் கிசேலா தொடங்கிய ‘அல்சா’ என்னும் அடித்தளம் ஒலிக் கருவியோடு நேரே பேசும். அதன்மேல், ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குள் தாமதமின்றிச் செலுத்தும் பொருட்டு, 2002ஆம் ஆண்டளவில் பால் டேவிஸ் ‘ஜாக்’ என்னும் அமைப்பை வகுத்தார். சாதாரணப் பயனருக்கென்று ‘பல்ஸ்ஆடியோ’ வேறாக இருந்தது. இவ்விரண்டும் ஒரே கருவிக்காக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினால் யூடியூப் ஊமையாகும், யூடியூபைக் கேட்டால் ஒலிப்பதிவு நின்றுவிடும் என்ற நிலையே நெடுங்காலம் நீடித்தது. ரெட் ஹெட் நிறுவனத்தைச் சேர்ந்த விம் டேமன்ஸ் உருவாக்கிய ‘பைப்வயர்’, 2021இல் ஃபெடோரா 34இன் இயல்பான ஒலியமைப்பாகச் சேர்க்கப்பட்டதோடு அந்தப் பங்காளிச் சண்டை ஓய்ந்தது. இன்று புதிதாகத் தொடங்குவோர் அந்தப் பழைய கதையைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. ஜாக்கை எதிர்பார்க்கும் பழைய மென்பொருள்களும் பைப்வயரின்மேல் எந்த முறைப்பாடும் இன்றி ஓடுகின்றன.

மைக்கையும் கணினியையும் இணைக்கும் இன்டர்ஃபேஸை வாங்கும்போது, அது யூ.எஸ்.பி. ஆடியோவின் பொது இலக்கணத்துக்கு உட்பட்டதா என்று மட்டும் விசாரித்தால் போதும். அத்தகைய கருவிக்குத் தனியாக டிரைவர் வேண்டாம், செருகியவுடன் வேலை செய்யும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசைக் கருவிகளின் உள்விசைகளை லினக்ஸிலிருந்தே இயக்க வழிசெய்தவர் ஆஸ்திரேலியாவில் வாழும் ஜெஃப்ரி பென்னட் என்னும் அன்பர்.

இனி, இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரையும் முதலில் அலைக்கழிக்கும் தாமதத்தைப் பற்றி. பாடுபவர் தம் குரலை ஹெட்ஃபோனில் கேட்கிறார். குரல் மைக்கில் நுழைந்து, எண்களாகி, கணினிக்குள் சென்று, மீண்டும் ஒலியாகி அவர் காதை அடைவதற்குள் ஒரு கணம் கழிகிறது. நொடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில், 256 மாதிரிகளை ஒரு தொகுதியாகக் கணினி கையாண்டால், ஒரு தொகுதிக்கு 5.3 மில்லிசெக்கன், 128 என்று குறைத்தால் 2.7, போக்கும் வரவும் சேர்ந்தால் இரட்டிப்பும் அதற்குச் சற்று மேலும் ஆகும். தொகுதியைச் சிறிதாக்கச் சிறிதாக்கக் கணினிக்கு மூச்சு முட்டும். ஒரு தொகுதியைக் குறித்த நேரத்தில் முடிக்கத் தவறினால், இத்துறையில் ‘எக்ஸ்ரன்’ என்று வழங்கும் சிறு வெடிப்பு ஒலியில் விழுந்துவிடும். இந்த எண்களைக் கண்டு கலங்குவோர், காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டரே செல்லும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மில்லிசெக்கன் தாமதமென்பது, தப்படிப்பவரிடமிருந்து நான்கு மீட்டர் தள்ளி நின்று பாடுவதற்குச் சமம். தோட்டத்துத் திருவிழாவில் அதைவிடத் தூரத்தில் நின்று பாடியவர் எத்தனையோ பேர். எசல பெரஹெராவில் வீதி நெடுக நீண்டு செல்லும் பேரிகைக்காரர் வரிசையில், முன்னவருக்கும் முப்பது மீட்டர் பின்னால் வருபவருக்கும் இடையே ஒலி சென்று சேரவே 87 மில்லிசெக்கன் ஆகிறது. எனினும் அவ்வாத்தியக் குழுவின் தாளம் சிதறியதாக யாரும் சொன்னதில்லை. ஆகவே 256இல் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பதிவு செய்யுங்கள். 32க்கு இறக்கிக் காட்டுவது வீரவிளையாட்டு.

கணினியை இந்த வேலைக்குப் பக்குவப்படுத்துவதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. ஒலிக்குரிய வேலைகளுக்கு முன்னுரிமை பெறும் அனுமதி உங்கள் பயனர் கணக்குக்கு இருக்க வேண்டும். மின்சேமிப்பு ஏற்பாட்டை நிறுத்தி, செயலியை முழுவேகத்தில் ஓடவிட வேண்டும். பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுவது உத்தமம். குறித்த நேரத்தில் குறித்த வேலையை முடிக்கும் ‘நிகழ்நேர’ வசதியை லினக்ஸின் கருவாகிய ‘கர்னலுக்குள்’ சேர்க்க ஏறக்குறைய இருபதாண்டு காலம் சிலர் இடைவிடாது உழைத்து, 2024இல் வெளிவந்த 6.12ஆம் பதிப்பில் அது நிறைவேறியது. முன்பு அதற்கெனத் தனிக் கருவைத் தேடி நிறுவியவர்களுக்கு அச்செய்தியின் அருமை தெரியும்.

அறையைப் பொறுத்தமட்டில், முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வெளிச் சத்தத்தை அவை தடுப்பதில்லை, உள் எதிரொலியிலும் உச்ச ஸ்தாயியைச் சிறிது தணிப்பதோடு சரி. இலவம் பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுபவரின் பின்னாலும் பக்கவாட்டிலும் நிறுத்தி, துணி நிறைந்த அலுமாரியின் கதவுகளைத் திறந்து வைத்து, எதிர்ச்சுவரில் புத்தகங்களை முன்னும் பின்னுமாக அடுக்கியபோது கிடைத்த அமைதி, கடையில் விற்கும் நுரைப்பாளங்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஈரத்துக்குத்தான் மாற்று இல்லை. மழைக்காலத்தில் கண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரம் படிந்து, பொரிவது போன்ற சப்தம் தரும். அதனால் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிஸ்கட் தகரத்தில் மூடி வைக்கிறேன். 1966இல் வெளிவந்து இன்றும் மேடைதோறும் காணப்படும் ஷூர் எஸ்.எம். 58 போன்ற டைனமிக் மைக், ஈரத்தையும் தூசியையும் விழுவதையும் பொருட்படுத்தாது. ஒரே ஒரு மைக் வாங்க வசதியுள்ளவர் அதையே வாங்கட்டும்.

கூரைக்கு அடுத்த பகை மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் அலைவதால், நிலத்தொடுப்புச் சரியில்லாத பழைய வீடுகளில் 50, 100, 150 என்ற அடுக்குகளில் ஓர் ‘உம்’மென்ற ரீங்காரம் பதிவில் ஏறிவிடும். செருகுநிரலால் அதை நறுக்கி எறியலாம். ஆனால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டால், பெரும்பாலும் அந்தச் சிகிச்சையே தேவைப்படாது. 2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி நாடெங்கும் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு அமலான அந்தக் கொடிய காலத்தில் நான் அறிந்துகொண்ட ஓர் உண்மை உண்டு: மின்வெட்டு நேரத்தைப் போல ஒலிப்பதிவுக்கு உகந்த நேரம் வேறில்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் இல்லை, அயல்வீட்டுத் தொலைக்காட்சித் தொடர் இல்லை, தூரத்து ஆலையின் அதிர்வும் இல்லை. இன்டர்ஃபேஸோ கணினியிடமிருந்தே மின்சாரத்தைப் பெற்றுக்கொள்கிறது. அன்றைய பதிவுகளில் பின்னணி இரைச்சல் அத்தனை குறைவு. இதை மின்வெட்டுக்கு ஆதரவாக யாரும் எடுத்துக்கொள்ளலாகாது. ஆனால் இடி முழங்கும் பிற்பகல்களில் மட்டும் எல்லா வயரையும் கழற்றிவிட்டுத் தேநீர் குடிப்பதே புத்திசாலித்தனம்.

தப்பைப் பதிவு செய்வது தனிக் கலை. கலஹாப் பக்கமிருந்து வந்த முதியவர் ஒருவர், அறைக்குள் நுழைந்து ஓர் அடி அடித்துப் பார்த்துவிட்டு, “தோலு நமுத்துப் போச்சு தம்பி, காய்ச்சணும்” என்று சொல்லி வெளியே போய்விட்டார். முற்றத்தில் பழைய செய்தித்தாள்களைக் கொளுத்தி, அந்தத் தழலுக்கு நேரே தப்பைச் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் தட்டித் தட்டி, நாதம் ஏறுவதைக் காதால் அளந்துகொண்டே திருப்பினார். அவர் திருப்தியடைந்து உள்ளே வந்ததும், “எவ்வளவு நேரத்துக்கு இந்தச் சுருதி நிற்கும் ஐயா?” என்று கேட்டேன். “ஒங்க மெத்தைக்குள்ளயா? கொஞ்ச நேரந்தான். நீங்க மொதல்ல மிசின முடுக்குங்க” என்றார். ஆகவே மைக்கை வைக்கும் இடத்தையும் ஒலியளவையும் அவர் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும் என்பது முதற்பாடம். ஒல்லிக் குச்சியின் சுள்ளென்ற ஓசையும் தடித்த குச்சியின் முழக்கமும் சமநிலையில் விழுவதற்கு, தோலுக்கு நேரே வைக்காமல் ஒன்றரை மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன். உச்ச அளவு, பூஜ்யத்துக்குப் பதினெட்டு டெசிபல் கீழேயே நிற்கும்படி விசையைக் குறைத்தேன். 24 பிட் பதிவில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஏறத்தாழ 6 வீதம் 144 டெசிபல் இடைவெளி இருப்பதால், மெல்லப் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்வதில் நஷ்டமில்லை. உச்சியில் நசுங்கிய முழக்கத்தை மீட்க வழியே கிடையாது.

குரலுக்கு வேறு நியாயம். அம்மாயி ஒருவர் தாலாட்டும் கொழுந்துப் பாட்டும் பாட வந்திருந்தார், மைக்குக்கு முன்னால் இருந்த பாப் ஃபில்டரைப் பார்த்து, “என்னா தம்பி இது, வாய்க்கு நேரா சல்லடைய புடிச்சு வச்சிருக்க, பாட்டுல கல்லு வருமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருக்கு ஹெட்ஃபோனையும் மாட்டி, அதில் ‘டிக் டிக்’ என்று மெட்ரோனோமையும் ஓடவிட்டால் என்ன ஆகும்? நம் மக்கள் பாடல்களின் நடை, கதை உருக்கமாகும் இடத்தில் தளர்ந்து, கேலி வரும் இடத்தில் விரைந்து, மூச்சோடு சேர்ந்து நடப்பது. மென்பொருள் காட்டும் கட்டங்களுக்குள் அதைப் பிடித்துத் திணிப்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை என்பது என் திடமான எண்ணம். மெட்ரோனோமை அணைத்தேன், கட்டங்களை மறைத்தேன், ஹெட்ஃபோனையும் கழற்றிவிட்டேன். சுருதியைத் திருத்தும் செருகுநிரல்களை நிறுவவே இல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுவதும், ஓர் ஈக்வலைசரால் மூக்கடைப்பைச் சிறிது நீக்குவதும் போதுமானவை. அதற்கு ராபின் காரியஸின் எக்ஸ்42 செருகுநிரல் தொகுதியும் எல்.எஸ்.பி. தொகுதியும் விலையின்றிக் கிடைக்கின்றன.

பதிவுக்கும் தொகுப்புக்கும் நான் கையாளும் மென்பொருள் ‘ஆர்டோர்’. அமேசான் நிறுவனத்தின் ஆதி நிரலாளர் இருவருள் ஒருவராயிருந்து விலகிய பால் டேவிஸ், 1999ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி இன்றுவரை வளர்த்து வருவது. ஜாக்கை வகுத்தவரும் அவரே. மூலநிரல் யாவர்க்கும் பொது. ஆயத்தப் பிரதியை அதன் தளத்திலிருந்து பெறச் சிறு தொகை கேட்பார்கள். ஃபெடோரா, டெபியன் போன்றவற்றின் களஞ்சியத்தில் அதுவும் கேட்பதில்லை. ஆனால் நான் அதை விரும்புவதற்கு விலை மட்டும் காரணமன்று. ஆர்டோரின் ஒரு செஷன் என்பது ஒரு சாதாரணக் கோப்புறை. உள்ளே ஒலி யாவும் வேவ் கோப்புகளாகக் கிடக்கும், எந்தத் துண்டு எங்கே ஒட்டப்பட்டது என்ற குறிப்புகள் எக்ஸ்.எம்.எல். எழுத்தாக, கண்ணால் வாசிக்கத்தக்கதாக இருக்கும். ஐம்பதாண்டு கழித்து ஆர்டோர் என்னும் பெயரையே உலகம் மறந்துவிட்டாலும், அந்த வேவ் கோப்புகளைத் திறக்க எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. சந்தா தீர்ந்ததும் தன் பழைய கோப்பையே திறக்க முடியாமல் தவித்த ஒரு நண்பரை அறிவேன். பாட்டுக்காரரின் காலத்துக்குப் பின்னும் இருக்க வேண்டிய பதிவை அப்படி ஒரு பூட்டுக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் பாடியவர் பெயர், தோட்டம், திகதி, யாரிடம் கற்றார், வெளியிடச் சம்மதமா என்பனவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, இரு வேறு வட்டுகளில் பிரதியெடுத்து, அவற்றை இரு வேறு வீடுகளில் வைக்கிறேன்.

அடுத்து எண்ணியிருப்பது, மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தை, காமன் எரியும் அந்த இறுதி இரவு முழுவதும் பதிவு செய்வது. அதற்கு இந்த அறை பயன்படாது. மைக்குக்குக் காற்றுத் தடுப்பும், நீண்டு உழைக்கும் பேட்டரியும் வேண்டும். கணக்கொன்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆர்டோர் தன் இயல்பில் ஒரு தடத்துக்கு 32 பிட் மிதவை முறையில் எழுதும். அதாவது நொடிக்கு 1,92,000 பைட். சாதாரண வேவ் கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் வளராது. எனவே ஆறு மணி நேரமும் சில நிமிடமும் கடந்ததும் அந்த எல்லை வந்துவிடும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால், நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகும்போது கூத்து சூடு பிடிக்கும் நேரம், கோப்போ முடிந்துபோயிருக்கும். 24 பிட்டுக்கு மாற்றினால் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும், அதுவும் விடியலுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகையால் செஷனை உருவாக்கும்போதே கோப்பு வகையை ஆர்.எஃப்.64 என்று தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு இந்த எல்லை இல்லை. வட்டில் இருபது ஜி.பி. காலியாக இருந்தால் இரு தடமும் விடியும்வரை போகும்.